மகளுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர், 30 ஆயிரத்துக்குள் முடியுமா?

மகள் பிளஸ் 1 கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள், இந்த வருஷம் சி பிளஸ் பிளஸ், அடுத்த வருஷம் பைத்தான், அப்புறம் யூடியூப் பாடங்கள், அவ்வளவுதான் வேலை. மானிட்டர் இருக்கிறது. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி என்று யோசித்து வைத்திருக்கிறேன், தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கக் காசில்லை என்பதால். மேஜை சிறியது, ஆனாலும் மினி ஐடிஎக்ஸ் என்ற மிகச் சிறிய மதர்போர்டின் விலையைக் கேட்டதும் அதைவிடக் கொஞ்சம் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸே போதும் என்று தோன்றிவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் இன்டெல் ஐ3 12100எஃப் பிராசசர் மலிவு என்று தள்ளப் பார்த்தார், அதில் கிராபிக்ஸே கிடையாதே! சரி, பி450 போர்டு பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5600ஜி ஓடாதாமே, பேசாமல் அதைவிடப் புதிய பி550 போர்டுக்குப் போய்விடலாமா? 450 வாட்ஸ் பவர் சப்ளையில் எது நம்பி வாங்கலாம்? சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.