பினாங்குல 65 மஸ்டாங் கன்வர்ட்டிபிள் ஒன்னு விலைக்கு வருது, வாங்கலாமா?

தஞ்சோங் பையன்:
அண்ணே, எங்க ஏரியாவுல ஒரு அங்கிள் 1965 ஃபோர்டு மஸ்டாங் கன்வர்ட்டிபிள் விக்கிறாரு, 289 வி8 இன்ஜின், ஆட்டோ கியர், ஸ்டியரிங் இடது பக்கம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னுது, மேல துணி கூட கிழியல, உள்ள உக்காந்ததும் எறங்கவே மனசு வரல. ஆனா கடல் பக்கத்து வீடு, துரு பயமா இருக்கு. எதெல்லாம் பாக்கணும்?

பிறை பெங்கெல்:
தம்பி, பெயிண்ட்ல மயங்காத, அடியில படுத்து பாரு. கூரை இல்லாத வண்டிக்கு கதவுக்கு கீழ இருக்கற ராக்கர் பேனல்தான் முதுகெலும்பு, அது அரிச்சா வண்டி நடுவுல தொங்கிடும். துணிய மடக்கிட்டு கதவ தெறந்து மூடு, கதவோட மேல் பக்கம் இடிச்சா வண்டி தொங்கிருச்சுனு அர்த்தம், விட்டுடு. வைப்பர் கிட்ட காத்து போற ஓட்டையில ஒரு ஜக் தண்ணி ஊத்து, உள்ள கார்பெட் நனைஞ்சா அங்க துரு தின்னுருச்சுனு அர்த்தம், நம்ம ஊரு மழைக்கு தாங்காதுலா, அத சரி பண்ண முன்னாடி பாதிய பிரிக்கணும்.

கேஎல் ராசா:
சேசிஸ் நம்பர் பாருங்க. மொத நம்பர் 5 (1965 மாடல்), அடுத்து எந்த ஃபேக்டரினு சொல்ற பிளான்ட் எழுத்து, அதுக்கு அப்புறம் 08 வந்தாதான் ஒரிஜினல் கன்வர்ட்டிபிள். 07னா சாதா கூரை வண்டிய வெட்டுனது. கிரேன்ட்லயும் (வண்டியோட உரிமை பத்திரம்) அதே நம்பர் இருக்கணும், இல்லனா பேர் மாத்தறப்ப மாட்டிக்குவீங்க.

தஞ்சோங் பையன்:
08தான் அண்ணே, போட்டோவுல இருக்கு! சனிக்கிழம தண்ணி ஜக்கோட போறேன்.