குரோஷா முயல் பொம்மை: ஓட்டை வழியே பஞ்சு தெரிகிறது, தலை உருண்டையாக வரவில்லை

முதல்முடிச்சு:

குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னல்) சின்ன முயல் பொம்மை (அமிகுருமி) பின்னுகிறேன். அடிப்படைத் தையல்களான சங்கிலியும் சிங்கிள் குரோஷாவும் எனக்கு வரும். வட்டமாகப் பின்னுவது இதுதான் முதல் தடவை.

தலைக்கான கணக்கு இது: மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் தொடக்க நூல் வளையம்) 6 தையல், அடுத்தடுத்த சுற்றுகளில் 12, 18, 24, 30. பிறகு 5 சுற்று 30 தையலாகவே. அப்புறம் 24, 18, 12, 6 என்று குறைத்து மூட வேண்டும். நூல் 8 பிளை பருத்தி. லேபிளில் 4 மி.மீ ஊசி என்று இருந்தது, அதையே எடுத்துக்கொண்டேன்.

பிரச்சினைகள் நான்கு. பஞ்சு திணித்ததும் தையல்களுக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது. 30 தையல் இருக்க வேண்டிய சுற்று ஒருமுறை 32, இன்னொருமுறை 28 என்று வருகிறது. தலையை மேலிருந்து பார்த்தால் ஆறு மூலை தெரிகிறது. கடைசியாக, வெளிப்பக்கம் படத்தில் இருப்பதுபோல் ஆங்கில வி (V) எழுத்து வரிசையாக இல்லாமல் குறுக்குக் கோடுகளாக இருக்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

கொக்கியூசி:

முதலில் ஊசியை மாற்றுங்கள். லேபிளில் இருக்கும் அளவு ஸ்வெட்டர், சால்வை மாதிரி உடம்பில் தழைய வேண்டியவற்றுக்கானது. பொம்மைக்கான பின்னல் தழையவே கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சு நெட்டித் தள்ளினாலும் விரியாமல் நிற்க வேண்டும். அதனால் லேபிள் அளவைவிட 1 முதல் 1.5 மி.மீ சிறிய ஊசி எடுப்பதுதான் வழக்கம். உங்கள் நூலுக்கு 3 அல்லது 2.5. முதலில் 3-ல் 24 தையல் சுற்றுவரை பின்னி, அந்த வட்டத்தை இரண்டு கையாலும் லேசாக இழுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் 2.5-க்கு இறங்க வேண்டும். பின்னிய தலையில் ஓட்டை இருந்தால் பஞ்சைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். பஞ்சு குறைந்தால் தலை சொங்கிப்போகும், ஓட்டையும் மறையாது.

குறுக்குக் கோடு தெரிந்தால் பின்னல் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது. ஊசி எப்போதும் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டும். கிண்ணம்போல் இருக்கும் பின்னலின் வாய் மேலே பார்க்க, உங்கள் பக்கம் இருக்கும் விளிம்பில் பின்னினால் அப்படித்தான் போகும். எதிர் விளிம்பில் பின்னினால் ஊசி உள்ளிருந்து வெளியே வரும், அப்போது கோடுகள் வெளியே வந்துவிடும். இதற்காகப் பிரிக்க வேண்டாம். மூடுவதற்கு முன்னால் சட்டைக் கையைத் திருப்புவதுபோலத் திருப்பிவிட்டு, அப்புறம் கிட்டத்து விளிம்பிலேயே தொடருங்கள். வலக்கையால் பின்னுகிறவர்களுக்கு, வி தெரியும் பக்கம் முகத்தைப் பார்த்திருக்கும்போது வேலை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகரும்.

எண்ணிக்கை தவறுவதற்கு வழக்கமாக இரண்டு காரணம். ஒன்று, சுற்றின் முடிவில் ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமில்லாத இணைப்புத் தையல்) போட்டு மூடுவது. இந்தப் பொம்மைகள் நத்தை ஓடுபோல் சுருளாகவே போகும். மூடுவதும் இல்லை, சங்கிலி ஏற்றுவதும் இல்லை. பழக்கதோஷத்தில் ஒன்று போட்டுவிட்டால் அதையும் ஒரு தையலாக எண்ணி, அடுத்த சுற்றில் அதற்குள்ளும் பின்னிவிடுவோம். இரண்டு, இன்கிரீஸ் (ஒரே தையலில் இரண்டு போட்டு ஏற்றுவது) முடிந்ததும் அடுத்த தையலைத் தவறவிடுவது. ஒரே தையலில் இரண்டு போடும்போது இரண்டாவது பக்கத்துத் தையலின் தலைமேல் சாய்ந்து அதை மூடிக்கொள்ளும். கட்டைவிரலால் அதை வலப்பக்கம் ஒதுக்கினால் ஒளிந்திருக்கும் வி தெரியும்.

மார்க்கரை (சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் அடையாளம்) ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும், அந்தத் தையலைப் போட்ட உடனே, அதன் தலையில் இருக்கும் வி-யின் இரண்டு இழைகளும் உள்ளே இருக்கும்படி மாட்டுங்கள். மாட்டுவதற்கு ஊக்கு போதும், வேறு நிற நூல்துண்டும் போதும். முதல் தையலில் மாட்டாமல் இடைவெளியில் செருகினால் ஒரு தையல் முன்பின் ஆகிவிடும்.

ஒரு தையல் மட்டும் கூடியோ குறைந்தோ இருந்து, அது ஏற்றாமல் குறைக்காமல் போகும் நேர்ச்சுற்றாக இருந்தால், அடுத்த சுற்றில் முகத்துக்குப் பின்பக்கம் வரும் இடத்தில் ஒரு டிக்ரீஸோ (இரண்டு தையலை ஒன்றாகச் சேர்ப்பது) இன்கிரீஸோ போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஏற்றும் சுற்றில் தவறினால் அந்தச் சுற்றைப் பிரித்துவிடுங்கள். அங்கே விட்டால் அடுத்தடுத்த சுற்றின் கணக்கெல்லாம் உதைக்கும்.

ஆறு மூலை வருவது உங்கள் தவறு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இன்கிரீஸ் ஒன்றின்மேல் ஒன்றாக வருகிறது, அந்த இடம் முட்டிக்கொண்டு மூலையாகிறது. இடத்தை மாற்றிப் போட்டால் போதும். 24-க்கு ஏற்றும் சுற்றை இப்படிப் பின்னுங்கள்: 1 தையல், 1 இன்கிரீஸ், பிறகு "2 தையல், 1 இன்கிரீஸ்" என்பதை 5 முறை, கடைசியில் 1 தையல். எண்ணினால் அதே 24. அடுத்த சுற்று வழக்கம்போல "3 தையல், 1 இன்கிரீஸ்" 6 முறை, 30. குறைக்கும்போதும் இதேபோல ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று தள்ளிப் போடுங்கள்.

தலையின் கீழ்ப்பாதியில் மட்டும் ஓட்டை பெரிதாக இருந்தால் சாதாரண டிக்ரீஸ்தான் காரணம். இரண்டு தையலிலும் தனித்தனியாக நூல் இழுத்துச் சேர்க்கும்போது அங்கே தடித்த முடிச்சும் பக்கத்தில் இடைவெளியும் விழுகிறது. அதற்குப் பதில் இன்விசிபிள் டிக்ரீஸ் போடுங்கள். ஒவ்வொரு தையலின் தலையிலும் இரண்டு இழை இருக்கிறதல்லவா, அதில் உங்கள் பக்கம் இருக்கும் முன் இழைக்குள் மட்டும் ஊசியை விடுங்கள். நூலை இழுக்காமலே அடுத்த தையலின் முன் இழைக்குள்ளும் விடுங்கள். இப்போது ஊசியில் மூன்று வளையம். நூலைப் பிடித்து முன்னால் இருக்கும் இரண்டு வளையத்துக்குள் இழுத்தால் ஊசியில் இரண்டு மிஞ்சும். மறுபடி நூலைப் பிடித்து அந்த இரண்டுக்குள்ளும் இழுத்து முடியுங்கள். பார்த்தால் ஒரு சாதாரண தையலாகவே இருக்கும்.

நூற்கண்டு:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கணக்கு அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதைப் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்பார்கள். பிரிட்டிஷ் கணக்கை வைத்துக்கொண்டு அமெரிக்க டபுள் பின்னினால் தையல் உயரமாகி, எந்த ஊசி எடுத்தாலும் சல்லடையாகத்தான் வரும். "சிங்கிள்" என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை.

நூலைப் பிடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். ஊசியைத் தையலுக்குள் விட்டதும் நூலை ஊசிக்கு மேலாகச் சுற்றி இழுத்தால் வி வரும். நூலின் மேல் ஊசியை வைத்துக் கொக்கியால் கவ்வி இழுத்தால் பெருக்கல் குறிபோல் வரும், பின்னலும் இன்னும் இறுக்கமாக இருக்கும். இரண்டில் எதுவும் சரி. ஆனால் ஒரே பொம்மையில் மாற்றி மாற்றிச் செய்தால் தலை ஒரு அளவு, காது ஒரு அளவு என்று ஆகிவிடும்.

முதல்முடிச்சு:

2.5 ஊசியில் பின்னிப் பார்த்தேன். ஓட்டை இல்லை, எண்ணிக்கையும் நிற்கிறது. ஆனால் மூன்றாவது சுற்றுக்கு மேல் ஊசி தையலுக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது, விரல் வலிக்கிறது. 3-ல் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. இன்னொரு சந்தேகம்: தலையைத் தனியாகப் பின்னி உடம்போடு தைத்தால் ஆடாமல் நிற்குமா?

பஞ்சுப்பொதி:

விரல் வலிக்குக் காரணம் ஊசியின் அளவு இல்லை, வளையம் எங்கே உருவாகிறது என்பதுதான். ஊசியைப் பாருங்கள்: கொக்கி, அதற்குக் கீழே குறுகலான கழுத்து, அதற்கும் கீழே முழுப் பருமனான தண்டு. 2.5 மி.மீ என்பது அந்தத் தண்டின் அளவு. நூலை இழுத்ததும் வளையம் கழுத்திலேயே நின்று, அங்கேயே தையலை முடித்தால் ஊசியைவிடச் சிறிய தையல்தான் கிடைக்கும். இழுத்த வளையத்தைத் தண்டுவரை ஏற்றிவிட்டு அப்புறம் முடியுங்கள். இடக்கையில் நூலைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் ஒரு சுற்றாகக் குறையுங்கள். அப்படியும் நுழையவில்லை என்றால் 2.75 மி.மீ ஊசியும் இருக்கிறது.

தலை ஆடுவது பற்றி. 12 தையலுக்குக் குறுக்கிய கழுத்தின்மேல் 30 தையல் தலையை வைத்துத் தைத்தால் எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் ஒரு பக்கம் சாயும். முதல் பொம்மைக்குத் தலையையும் உடம்பையும் ஒரே துண்டாகப் பின்னுவதுதான் நல்லது. 30 தையல் ஐந்து சுற்று முடிந்ததும் 24, பிறகு 18. அங்கே நிறுத்தி இன்னும் ஒரு சுற்று 18-ஆகவே போங்கள், இதுதான் கழுத்து. கண்ணை மாட்டி, தலைக்குப் பஞ்சு திணித்துவிட்டு "2 தையல், 1 இன்கிரீஸ்" 6 முறை போட்டால் மறுபடி 24. அதில் 6 சுற்று நேராக, பின் 18, 12, 6. உங்கள் நூலில் தலையின் குறுக்களவு 4, 5 செ.மீ வரும்.

பஞ்சு திணிக்கும் முறையில்தான் பொம்மையின் உருவம் இருக்கிறது. பெரிய உருண்டையாக ஒரே தடவையில் அமுக்கினால் உள்ளே கட்டியாகி, வெளியே மேடும் பள்ளமுமாகத் தெரியும். பாலியஸ்டர் பஞ்சை நெல்லிக்காய் அளவுக்குப் பிய்த்து, விரலால் உதறி, முதலில் சுவர் ஓரமாகச் சுற்றிலும் வைத்து, நடுவைக் கடைசியில் நிரப்புங்கள். பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் தள்ளலாம். கழுத்துக்கு மட்டும் கெட்டியாக ஒரு உருளை சுருட்டி, பாதி தலைக்குள்ளும் பாதி உடம்புக்குள்ளும் இருக்கும்படி வையுங்கள். தலையைத் தாங்குவது அந்த உருளைதான். அமுக்கினால் பள்ளம் விழுந்து தானே எழும்பி வந்தால் அளவு சரி. வி-க்கள் அகன்று கண்ணாடிபோல் ஆனால் அதிகம்.

கைக்கு: ரிங்கில் 6, அடுத்து "2 தையல், 1 இன்கிரீஸ்" இரண்டு முறை, 8. அதிலேயே 7 சுற்று. நுனியில் மட்டும் கொஞ்சம் பஞ்சு வைத்து, வாயைத் தட்டையாக மடித்து, எதிரெதிர் தையல்களைச் சேர்த்து 4 சிங்கிள் போட்டு மூடுங்கள். மேலே வரை பஞ்சு அடைத்தால் கை இறக்கைபோல் விறைத்து நிற்கும். காதுக்கு 6, 9, 12, 12-ல் 5 சுற்று, பிறகு 9. இதற்குப் பஞ்சே வேண்டாம். தட்டையாக்கி, அடியை ஒரு மடிப்பு மடித்தால் முயல் காதின் குழிவு தானாக வரும். ஒவ்வொன்றிலும் 25 செ.மீ நூல் விட்டு வெட்டுங்கள், தைக்க அது வேண்டும்.

தைக்கும் முன் எல்லாவற்றையும் குண்டூசியால் குத்திவைத்து முன்னாலிருந்து பாருங்கள். சுருளாகப் பின்னும்போது தையல்கள் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். அதனால் கீழே ஒரு தையலில் தொடங்கி நேர்மேலே எண்ணிக்கொண்டு போய்க் காதை வைத்தால் முகத்துக்கு நடுவாக வராது. கண்ணளவே இங்கே நல்ல அளவு. வேலை முடிந்ததும் குண்டூசிகளை எண்ணி எடுங்கள்.

முதல்முடிச்சு:

வளையத்தைத் தண்டுக்கு ஏற்றியதும் 2.5-லேயே சுலபமாக வருகிறது! இப்போது பொம்மையின் கழுத்துச் சுற்றில் நிற்கிறேன். பொம்மை ஒரு வயதுக் குழந்தைக்கு. பிளாஸ்டிக் கண் 8 மி.மீ வாங்கிவைத்திருக்கிறேன், எந்தச் சுற்றில் மாட்டுவது?

கொக்கியூசி:

ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தக் கண்ணை மாட்டாதீர்கள். பின்னால் கண்ணைப் பிடித்துவைக்கும் வட்டு (வாஷர்) கழலாது என்பது உண்மைதான். ஆனால் குழந்தை கடித்து இழுக்கும்போது சுற்றியிருக்கும் பின்னல் விரிந்து, கண் வாஷரோடு சேர்ந்தே வெளியே வந்துவிடலாம். தொண்டையில் அடைக்கும் அளவு அது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் நூலால்தான் கண் தைக்க வேண்டும். பட்டன், மணி எதுவும் வேண்டாம்.

இடம்: 8, 9-ஆம் சுற்றுகளுக்கு நடுவே, இரண்டு கண்ணுக்கும் இடையில் 6 தையல் விட்டு. தலை இன்னும் திறந்திருக்கும்போதே செய்துவிடுங்கள், முடிச்சு உள்ளே போய்விடும். கறுப்பு நூலை உள்ளிருந்து எடுத்து, 2 தையல் அகலத்துக்கு ஒரே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 4, 5 தடவை போட்டால் கண் புடைத்துத் தெரியும். ஊசியைத் தையல்களுக்கு இடையே இருக்கும் துளையில் விடாமல் நூலையே குத்திக்கொண்டு போகும்படி விடுங்கள். துளை வழியாகப் போனால் இழுக்கும்போது கண் உள்ளே அமுங்கிவிடும்.

கடைசி 6 தையலை மூட: நூலை 20 செ.மீ விட்டு வெட்டி, முனை மழுங்கிய ஊசியில் கோத்து, ஆறு தையல்களின் முன் இழைகளில் மட்டும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசையாக எடுங்கள். இழுத்தால் சுருக்குப்பை வாய்போல் மூடிக்கொள்ளும். ஊசியை நடுவில் குத்தி உடம்பின் பக்கவாட்டில் எடுத்து, அங்கே ஒரு சின்ன முடிச்சுப் போட்டு, வந்த துளைக்குள்ளேயே திரும்ப விட்டு இன்னொரு பக்கம் எடுங்கள். நூலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒட்ட வெட்டினால் நுனி உள்ளே போய்விடும். தொடக்கத்தில் மேஜிக் ரிங்கில் விட்ட நுனியையும் இப்போதே பாருங்கள். இழுத்ததோடு விட்டிருந்தால் நாளடைவில் தளர்ந்து உச்சியில் ஓட்டை விழும். கழுத்து இன்னும் திறந்துதானே இருக்கிறது, பஞ்சு வைப்பதற்கு முன் அந்த நுனியை ஊசியில் கோத்து, ரிங்கின் ஆறு தையல் அடியிலும் ஒரு முழுச் சுற்று ஓட்டி, ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.