ட்ரிம் = ஈடு: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். விமானியின் கைச்சுமையைக் குறைக்கும் ஏற்பாடான ட்ரிம் என்பதற்கு, விமானக் கலைச்சொற்களுக்கான நம் இழையில் இதுவரை 'சமன்', 'செம்மை', 'சமன்மடல்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் கட்டிய சிறு விமானம் ஒன்று எப்படித் தரையிறங்குகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆர்வி-6 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பாகங்களாக விற்றது. வாங்கியவர் தன் கொட்டகையில் ரிவெட் அடித்துக் கட்டிக்கொள்ளும் இருவர் விமானம். ஓடுதளத்தை நெருங்கும்போது விமானி எஞ்சின் வேகத்தைக் குறைத்து, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் என்ற மடலை இறக்குகிறார். மணிக்கு 100 கடல்மைலில் வந்த விமானம் 70-க்கு இறங்குகிறது. வேகம் குறையக் குறைய மூக்கு தாழப் பார்க்கும். தாழவிடாமல் ஸ்டிக் எனும் ஓட்டுகோலைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கிறார், கையில் கனம் ஏறுகிறது. அந்தக் கனத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் ட்ரிம்மின் வேலை. மின் ட்ரிம் பொருத்தியிருந்தால், ஸ்டிக்கின் தலையில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் தட்டுவார். வாலில், மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பலகையான எலிவேட்டரின் இடது பாதியில், பின்விளிம்பில் இருக்கும் சிறு மடல் கொஞ்சம் கீழே வளையும். காற்று அந்த மடலை மேலே தள்ள, எலிவேட்டரும் கூடவே எழும். இன்னும் இரண்டு தட்டு. இழுப்பு இளகி, இரண்டு விரலில் பிடித்தாலே வேகம் 70-இல் நிற்கும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் கை மூக்கை நிறுத்துகிறது; பிறகுதான் ட்ரிம் வந்து கையின் சுமையை ஏற்கிறது. ட்ரிம்மைக் கொண்டே மூக்கை ஏற்றி இறக்கி ஓட்டுவது கெட்ட பழக்கம் என்று பயிற்சி ஆசிரியர்கள் திட்டுவார்கள்.

'சமன்' இங்கே குழப்பும். எடைமையம் எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தராசு வைத்துப் பார்க்கும் வேலைக்கு 'எடைச்சமன்' என்று ஏற்கெனவே சொல்கிறோம். இரண்டும் தொடர்புள்ளவை என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். எடைமையம் முன்னால் இருந்தால் தரையிறங்கும்போது ட்ரிம் கூடுதலாகத் தேவைப்படும். அந்த வாக்கியத்தில் இரண்டு இடத்திலும் 'சமன்' போட்டு எழுதிப் பாருங்கள்! 'சமன்மடல்' இன்னும் மோசம். பழைய பைப்பர் கப் விமானத்தில் ட்ரிம் மடலே கிடையாது. ஒரு கைப்பிடியைச் சுற்றினால் கிடைவால் முழுதும் சாயும். லாங்-ஈஸி விமானத்தில் ஸ்பிரிங்தான் இழுத்துப் பிடிக்கிறது. கருவியின் பெயரைச் செயலுக்கு வைத்தால் இவையெல்லாம் வெளியே நிற்கும். 'செம்மை' எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சொல்லாது.

என் பரிந்துரை ஈடு. வினையாக ஈடுகட்டு. கை தாங்கும் விசைக்கு ஈடாக இன்னொரு விசையை வைக்கிறோம், அவ்வளவுதான். 'எழுபதுக்கு ஈடுகட்டிவிட்டு ஃபிளாப்பை இறக்கு' என்று ஒருவர் சொன்னால் காதில் உறுத்தவில்லை. 'ஈடு வை' என்று மட்டும் எழுத வேண்டாம், அடகுக்கடை நினைவு வந்துவிடும். ஒரு ஈடு இட்லியும் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், விமானி அறையில் யாரும் இட்லி அவிப்பதில்லை.

மற்றவை இதிலிருந்து தானாக வரும்: ஈட்டுமடல், ஈட்டுச்சக்கரம், ஈட்டுக்குறி. திசைக்கு மட்டும் கவனம் வேண்டும். 'மேல் ஈடு', 'கீழ் ஈடு' கூடவே கூடாது. மூக்கு ஏற வேண்டுமென்றால் மடல் கீழே போகிறது என்று மேலே பார்த்தோமே. எது மேல், எது கீழ் என்று கட்டுகிறவரும் ஓட்டுகிறவரும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். 'மூக்கேற்ற ஈடு', 'மூக்கிறக்க ஈடு' என்று மூக்கைச் சொல்லியே எழுதலாம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் கொட்டகையில் கம்பியை மாற்றி இணைத்துவிட்டால் பொத்தான் தலைகீழாக வேலை செய்யும் என்பதால், இந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நிலைமைக்கும் சொல் வேண்டும். இறங்குவதற்காக மூக்கேற்ற ஈடு நிறையக் கட்டியாயிற்று. ஓடுதளத்தில் நாய் குறுக்கே ஓடுகிறது. இறங்காமல் மறுபடி எழும்ப முழு பவர் கொடுக்கிறார். மூக்கு விருட்டென்று மேலே போகும். உடனே ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடிக்காவிட்டால் வேகம் செத்து, இறக்கை தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகும், தரையோ பக்கத்தில். அமெரிக்க விமானத்துறையின் பயிற்சி நூல் இதற்கென்றே தனிப்பெயர் வைத்திருக்கிறது. நமக்கு 'ஈட்டு ஸ்டால்' போதும். இதனால்தான் சிலர் கடைசிக் கட்டத்தில் முழுதும் ஈடுகட்டாமல், சிறு இழுப்பைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதற்குக் 'குறை ஈடு' என்று சொல்லலாமா? 'ஈட்டுக்குறை' என்றால் பழுது போலத் தொனிக்கிறது.

கடைசியாக, பொத்தான் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடுவது. இதற்குக் 'கட்டற்ற' என்ற அடைமொழியை எழுதியிருந்தீர்கள். 'தறிகெட்ட ஈடு' என்று மாற்றலாம் என்பது என் கருத்து. எச்சரிக்கைப் பட்டையில் ஒரு வரி: 'ஈடு தறிகெட்டால் இந்த சுவிட்சை அணை'. படிக்க ஒரு நொடி போதும்.

ஃபிளாப்புக்கு என்ன சொல் என்பதைத் தனி இழையில் பேசலாம்.