புதுப்பிப்பு: கன்ட்ரோலர் திணறல் தீர்ந்தது, பேட்டரிதான் பாக்கி

கேம் கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் இணைத்துப் பட்டன் அழுத்தினால் கேமில் ஆள் தாமதமாகக் குதிக்கிறான், டாங்கிள் (கன்ட்ரோலரின் சிக்னலைப் பிடிக்க யூஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) வாங்கினால் சரியாகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கினேன். முதல் நாள் முன்பைவிட மோசம்!

காரணம் டாங்கிள் இல்லை, நான் செருகிய இடம். சிபியூவின் பின்பக்கம், யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்குக்கு ஒட்டினாற்போல. அந்த 3.0 போர்ட், கேபிள் எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ப்ளூடூத்தும் அங்கேதான், பாதி வைஃபையும் அங்கேதான். எங்கள் வேளச்சேரி அபார்ட்மென்டில் எத்தனை ரவுட்டர் என்று எண்ணவே முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்கார அண்ணன், "ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு டாங்கிளை டேபிள் மேல வைங்க தம்பி" என்றார். வைத்தேன். தீர்ந்தது. வைஃபையையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம் பேட்டரி. உள்ளேயே லித்தியம் இருக்கும் பழைய கன்ட்ரோலரை மே மாத வெயிலில், ஜன்னலோரம், சார்ஜிலேயே போட்டு வைத்தது என் தப்பு. சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் அதன் ஆயுள் குறையும். புதியது இரண்டு ஏஏ செல் போடுவது. ரீசார்ஜ் செல் நான்கு வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறேன். 1.5க்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால் சார்ஜ் அளவு மட்டும் கொஞ்சம் பொய் சொல்கிறது. செல் எடையால் கை கனக்கிறது என்று தம்பி முனகுகிறான், முனகட்டும்.