பீகிள்போன் ப்ளூவில் ஆர்டுகாப்டர்: தொடங்கிய உடனே 'பஸ் எரர்'

கேள்வி — வால்காற்று

போர்டு: பீகிள்போன் ப்ளூ (லினக்ஸ் ஓடும் சிறிய கணினி போர்டு). அதில் ட்ரோனை ஓட்டும் ஆர்டுகாப்டர் மென்பொருளை இயக்கப் பார்க்கிறேன். டெபியன் 10 கன்சோல் இமேஜ், 4.19 டிஐ ஆர்டி கெர்னல். போர்டிலேயே கம்பைல் செய்தால் பாதியில் மெமரி தீர்ந்து நின்றுவிடுகிறது. அதனால் உபுண்டு லேப்டாப்பில் க்ராஸ் கம்பைல் செய்து பைனரியை மட்டும் நகலெடுத்தேன். ரூட்டாக இயக்கினால் 'பஸ் எரர்' என்ற ஒற்றை வரியோடு நின்றுபோகிறது. சென்சார் ஏதாவது போய்விட்டதா?

பதில் — நான்குஇறக்கை

சென்சாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிஆர்யூவை (மெயின் சிபியூவுக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் குட்டி ப்ராசஸர்) பாருங்கள். ப்ளூவில் மோட்டார் பல்ஸ், ரிசீவர் பல்ஸ் இரண்டையும் ஏஎம்3358 சிப்பில் உள்ள பிஆர்யூதான் கவனிக்கிறது. அதற்கான குட்டி நிரல் ஆர்டுகாப்டர் பைனரிக்குள்ளேயே இருக்கிறது. தொடங்கும்போது அதை நேராக பிஆர்யூ மெமரியில் எழுதப் பார்க்கும். யூஐஓ ட்ரைவர் (நிரல்கள் பிஆர்யூவை நேராக அணுக விடும் கெர்னல் ட்ரைவர்) ஏறாவிட்டால் அந்த மெமரி விழித்திருக்காது, எழுதப் போன இடத்தில் பஸ் எரர்.

பூட் கோப்பகத்தில் யூஎன்வி என்ற டெக்ஸ்ட் கோப்பைத் திறங்கள். பிஆர்யூ ஓவர்லே வரிகளில் (பூட்டில் எந்த ட்ரைவர் ஏற வேண்டும் என்று சொல்பவை) ஆர்ப்ராக் (பிஆர்யூவுக்கான இன்னொரு ட்ரைவர்) என்று இருப்பதன் முன்னால் # போடுங்கள், யூஐஓ என்று இருப்பதன் # ஐ எடுங்கள். இரண்டில் ஒன்றுதான் உயிரோடு இருக்கலாம். பிறகு ரீபூட்.

க்ராஸ் கம்பைல் செய்ததுதான் சரி. 512 எம்பி ரேமில் அதைக் கட்டுவது வீண் வேலை. வாஃப் (ஆர்டுகாப்டரைக் கட்டும் கருவி) கான்ஃபிகரில் போர்டு 'ப்ளூ' என்று கொடுக்கும்போது, லைப்ரரிகளையும் பைனரிக்குள்ளேயே சேர்க்கும் 'ஸ்டாடிக்' ஆப்ஷனையும் சேருங்கள். இல்லையென்றால் லேப்டாப்பின் ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி) புதிது, போர்டில் இருப்பது பழையது என்று அடுத்த தகராறு வரும்.

வால்காற்று

பஸ் எரர் போய்விட்டது, நன்றி. கிரவுண்ட் ஸ்டேஷனில் (ட்ரோனைக் கண்காணிக்கும் லேப்டாப் மென்பொருள்) செயற்கை அடிவானம் போர்டோடு சேர்ந்து சாய்கிறது. ஆனால் ரேடியோ பக்கத்தில் ஒரு பட்டையும் அசையவில்லை. சர்வோ பின்களில் மீட்டர் வைத்தால் 6 வோல்ட்டும் இல்லை.

பதில் — சாலிடர்புகை

இரண்டுமே ஆர்டுகாப்டர் தானாகச் செய்யாதவை. தொடங்கும் முன் ஒரு சிறு ஸ்க்ரிப்ட் ஓட வேண்டும். ஒன்று, ஜிபிஐஓ 80ஐ (மென்பொருளால் ஆன், ஆஃப் செய்யக்கூடிய பின்) எக்ஸ்போர்ட் செய்து, அவுட் ஆக்கி, 1 எழுதுவது. 6 வோல்ட் ரெகுலேட்டருக்கு அதுதான் சுவிட்ச். இன்னொன்று, பி8_15 பின்மக்ஸின் (ஒரு பின்னுக்கு எந்த வேலை என்று தேர்வது) நிலையை 'பிஆர்யூ ஈகேப் இன், புல்அப்' என்று மாற்றுவது. ரிசீவர் சிக்னல் பிஆர்யூவுக்குப் போகும் வழி அது.

ஸ்க்ரிப்டைக் கையால் ஓட்டினால் ரீபூட்டில் போய்விடும். சிஸ்டம்டி (பூட்டில் நிரல்களைத் தொடங்கி வைப்பது) சர்வீஸ் கோப்பில் 'எக்ஸெக் ஸ்டார்ட் ப்ரீ' வரியில் வையுங்கள்.

ரிசீவர் சிக்னல் வயர் இ4 கனெக்டரின் 4ஆவது பின்னுக்கு. அந்தப் பின் தாங்குவது 3.3 வோல்ட்தான். 5 வோல்ட் பிபிஎம் (எல்லாச் சேனலும் ஒரே வயரில் வரும் சிக்னல்) தரும் பழைய ரிசீவரை நேராகச் செருகினால் சிப் போய்விடும்.

பதில் — நான்குஇறக்கை

6 வோல்ட் வந்தபிறகு இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) வயரைச் செருகும் முன்: இஎஸ்சியில் பெக் (உள்ளேயே இருக்கும் மின்சப்ளை) இருந்தால் நடுவில் உள்ள சிவப்பு வயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள். ஒரே ரெயிலில் இரண்டு சப்ளை மோதக்கூடாது. 3 செல் பேட்டரி என்றால் 9–18 வோல்ட் டிசி ஜாக்கில் மட்டும். வெள்ளை பேலன்ஸ் சாக்கெட் 2 செல்லுக்கு உரியது.

சிபியூ கவர்னரை (க்ளாக் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) 'ஆன்டிமாண்ட்'டிலிருந்து 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். காப்டர் லூப் 400 ஹெர்ட்ஸ், அதாவது சுற்றுக்கு 2.5 மில்லிசெகண்ட். க்ளாக் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் லூப் தவறும்.

டிஷாட் (இஎஸ்சிக்கான டிஜிட்டல் சிக்னல்) இங்கே கிடையாது, மோட்டார் பிடபிள்யூஎம் டைப் 0லேயே இருக்கட்டும். இஎஸ்சி காலிப்ரேஷன் அவசியம்.

வால்காற்று

பட்டைகள் அசைகின்றன, 6 வோல்ட்டும் வந்துவிட்டது. வைஃபையில் மட்டும் டெலிமெட்ரி (ட்ரோன் அனுப்பும் நிலைத் தகவல்) வரவில்லை, யூஎஸ்பியில் வருகிறது.

பதில் — சாலிடர்புகை

ஆர்டுகாப்டரைத் தொடங்கும் வரியின் யூடிபி ஆப்ஷனில் போர்டின் ஐபியைக் கொடுத்திருப்பீர்கள். அங்கே வர வேண்டியது வைஃபையில் லேப்டாப்புக்குக் கிடைத்த ஐபி, போர்ட் 14550. லேப்டாப் ஃபயர்வாலிலும் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.