காவல் கொட்டிலில் பழகிய காது

எங்களுக்கு முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே இரண்டு ஏக்கர் வயல். காலபோக நெல் கதிர் தள்ளிவிட்டால் இரவில் பன்றிக் காவல். பத்து வயதிலிருந்து அப்பாவோடு கொட்டிலில் படுத்திருக்கிறேன். டோர்ச்சை வீணாக அடிக்க விடமாட்டார். "காதைக் குடு" என்பார். வயல் முழுக்கத் தவளை கத்திக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு மூலையில் மட்டும் சத்தம் அடங்கும். பன்றி இறங்கிவிட்டது என்று அர்த்தம். யானை என்றால் காட்டுக்கரையில் ஒரு கொப்பு முறியும், அவ்வளவுதான்.

இப்போது ஆவணப்படம் எடுக்கிறேன். எடுக்கும் இடத்தில் ஆள் பேசாத வெறும் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்வது எங்கள் தொழிலில் வழக்கம். நான் அதற்கே ஐந்து நிமிடம் இருப்பேன். அது கொட்டிலில் வந்த பழக்கம்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில வாரம் கழித்து நானும் போனேன். வருகிறவர்கள் பலர் மைக்கை நீட்டி, "எப்ப காணாமல் போனவர்?" என்று கேட்டு, பத்து நிமிடத்தில் எழும்பிப் போய்விடுவார்கள். அந்த அம்மாக்கள் அதே பதிலை எத்தனை தரம் சொல்வது? எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

நான் பாயில் போய் இருந்தேன். கமெரா பையிலேயே கிடந்தது. பக்கத்திலிருந்த அம்மா, "எவடம் மோனை?" என்றார். ஊரைச் சொன்னேன். "குளத்தில தண்ணி கிடக்கே?" மழை பொய்த்த வருடம் அது. கருகிய நெல்லைப் பற்றியே அரை மணித்தியாலம் கதைத்தோம். மூன்றாம் நாள் அவராகவே பையைக் காட்டி, "அதை எடன், கதைப்பம்" என்றார்.

மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர் இடையில் நிறுத்திவிட்டார். அடுத்த கேள்வி என் வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓலையை அவர் விரலால் திரும்பத் திரும்ப உள்ளே செருகினார். மேலே தறப்பாள் படபடத்தது. ஏ9 வீதியால் ஒரு பஸ் போனது.

பிறகுதான் சொன்னார். "வயலுக்குப் போகேக்க சாரத்தில பச்சை மிளகாய் முடிஞ்சுகொண்டு போவான், பழஞ்சோத்துக்கு. இப்பவும் மிளகாய் ஆயேக்க ரெண்டு கூடப் பிடுங்கிறன்."

படத்தொகுப்பில் உதவிய நண்பர், இடையில் அவர் பேசாமல் இருக்கும் நாற்பது விநாடியை வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை. தறப்பாள் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.