ஃபிளெக்ஸில் யார் படம்? மாரியம்மன் கோயில் வீதி வாட்ஸ்அப் குழு

மே 17, 2025, சனிக்கிழமை

மளிகைக்கடை அண்ணன் (இரவு 7.42): எல்லாருக்கும் வணக்கமுங்க. பன்னிரண்டாவது ரிசல்ட் 8-ஆம் தேதியே வந்தது, நேற்று பத்தாவதும் வந்தாயிற்று. வீதிப் பிள்ளைகளுக்கு ஒரு பாராட்டு வைக்கலாம் என்று நாலைந்து பேர் கடைக்கே வந்து கேட்டார்கள். வரும் 25 ஞாயிறு பொழுதோட, கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். பெயர், மார்க், ஒரு போட்டோ அனுப்பிவிடுங்கள். 10-க்கு 8 ஃபிளெக்ஸ் ஒன்று, முதல் மூன்று பேருக்கு ஷீல்டு.

தறிப்பட்டறை மாமா: என் பங்கு 5,000. ஃபிளெக்ஸ் செலவு தனியாக நானே பார்த்துக்கொள்கிறேன்.

தறிப்பட்டறை மாமா: [படம்] 562/600. நடுவில் பெரிதாக வரட்டும்.

திருப்பூர் தம்பி: வாழ்த்துகள் மாமா! ஆனால் இது பாப்பா எட்டாவது படிக்கும்போது எடுத்த ஐடி கார்டு போட்டோ மாதிரி இருக்கிறதே. ரெட்டைச் சடை, ரிப்பன் எல்லாம் இருக்கிறது.

தறிப்பட்டறை மாமா: இதில்தான் லட்சணமாக இருக்கிறாள்.

மளிகைக்கடை அண்ணன்: இந்த வருசம் பன்னிரண்டாவதில் நம் ஈரோடு மாவட்டம் 97.98 சதவீதம், மாநிலத்தில் இரண்டாவது. அதையும் ஃபிளெக்ஸில் மேலே போட்டுவிடலாம்.

திருப்பூர் தம்பி: போன வருசம் 97.45 எடுத்து முதலில் நின்றது எங்கள் திருப்பூருங்ணா. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

மளிகைக்கடை அண்ணன்: வேலை அங்கே, சோறு இங்கே. யார் பக்கம் என்று பார்த்துப் பேசு.

டீச்சரம்மா: மாவட்டத்துக்கு மட்டும் இன்னும் முதல், இரண்டாவது என்று போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ரேங்க் அறிவிப்பதை 2017-லேயே நிறுத்தியாயிற்று. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் நம் கோபிக்காரர் செங்கோட்டையன். எட்டு வருசம் ஆகிவிட்டது. நாம் வீதி ரேங்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெரியப்பா: மார்கழி முக்கியமில்லை.

திருப்பூர் தம்பி: ??

பெரியப்பா: மார்க் முக்கியமில்லை என்று சொன்னேன். வாயால் சொன்னால் இந்த போன் அதுவாக எழுதிக்கொள்கிறது. நான் 1975-இல் பழைய எஸ்.எஸ்.எல்.சி., பதினோராவது. பேப்பரில் நம்பர் மட்டும்தான் வரும். நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் ஒரே பேப்பரைப் பதினைந்து பேர் சுற்றி நின்று பார்த்தோம். நம்பரைக் கண்டதும் எங்கள் ஆத்தா கச்சாயம் சுட்டு வீதி முழுக்கக் கொடுத்தாள். எத்தனை மார்க் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கே ஸ்கூலுக்குப் போன பின்னால்தான் தெரியும்.

தறிப்பட்டறை மாமா: பெரியப்பா, உங்கள் காலம் வேறுங்க. நான் எட்டாவதோடு தறியில் பாவு நூல் பிணைக்கப் போனவன். என் பெயர் இதுவரை அச்சில் வந்தது கரண்ட் பில்லில் மட்டும்தான். என் பிள்ளை 562 எடுத்திருக்கிறாள். அதை நாலு பேர் பார்க்க வைப்பது தப்பா?

மளிகைக்கடை அண்ணன்: தப்பே இல்லைங்க மாமா. யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மளிகைக்கடை அண்ணன்: இதுவரை வந்த பெயர்கள்: பன்னிரண்டாவது 5, பத்தாவது 6. மொத்தம் 11.

கோடி வீட்டு அக்கா: பத்தாவது ஏழு பேர் எழுதினார்களே அண்ணா?

கோடி வீட்டு அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

(அரை மணி நேரம் ஒருத்தரும் எதுவும் எழுதவில்லை.)

மளிகைக்கடை அண்ணன் (8.50): அழித்தாலும் எல்லாரும் படித்தாயிற்று. ரைஸ்மில் சந்துப் பையன். கணக்கு மட்டும் 33. மற்றதெல்லாம் பாஸ். அவன் அப்பா குழுவில்தான் இருக்கிறார், நீல டிக் விழுந்துவிட்டது.

டீச்சரம்மா: இரண்டு மார்க்தானே. மறுகூட்டலுக்கும் போடட்டும், ஜூலைத் துணைத் தேர்வுக்கும் பணம் கட்டட்டும். ஒன்றை நம்பி இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. இரண்டும் ஸ்கூல் வழியாகத்தான், கடைசித் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். தேறிவிட்டால் இந்த வருசமே பதினொன்றாவது சேரலாம், வருசம் வீணாகாது.

பெரியப்பா: நான் அவன் வீட்டுக்கே போய்விட்டு வருகிறேன். இதையெல்லாம் போனில் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

மே 18, ஞாயிற்றுக்கிழமை

தறிப்பட்டறை மாமா (காலை 6.10): அப்பா தூங்குகிறார், நான் அவர் மகள். எல்லாருக்கும் நன்றிங்க. ஃபிளெக்ஸில் என் படமும் மார்க்கும் வேண்டாம். ரிசல்ட் வந்த நாளிலிருந்து தெரியாத நம்பரிலிருந்து தினமும் போன் வருகிறது. எங்கள் காலேஜில் சேருங்கள், பஸ் இலவசம், லேப்டாப் இலவசம் என்கிறார்கள். நேற்று மட்டும் 14. நம்பர் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. மெயின் ரோட்டில் படமும் வைத்தால் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அப்புறம் அந்த ரிப்பன் போட்டோ வேண்டவே வேண்டாம்.

தறிப்பட்டறை மாமா: அப்பா பெயர் மட்டும் பெரிதாக வரட்டும்.

டீச்சரம்மா: கண்ணு, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிந்துவிட்டாயா? ஜூன் 6 கடைசி. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதானே நீ? 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வருவாய். அதில் சீட் கிடைத்தால் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 தனி. போன் பண்ணுகிறவன் எதை இலவசம் என்றாலும் தலையாட்டிவிடாதே.

தறிப்பட்டறை மாமா: பதிந்துவிட்டேன் டீச்சர்.

கோடி வீட்டு அக்கா: டீச்சரம்மா, ஒன்று கேட்க வேண்டும். இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை.

டீச்சரம்மா: கேளு அம்மிணி.

கோடி வீட்டு அக்கா: எங்கள் பெரியவள் எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதிப் பாஸானாள். ஒன்பதாவதில் 12,000 பேங்கில் ஏறியது. பத்தாவது படித்த பணம் இன்னும் வரவில்லை. பேங்கில் கேட்டால் எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். ஸ்கூலில் கேட்டால் இங்கிருந்து எல்லாம் சரியாக அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். இதற்காக இரண்டு நாள் செக்கிங் வேலைக்குப் போகாமல் சம்பளம் போனதுதான் மிச்சம்.

திருப்பூர் தம்பி: அக்கா, பாப்பா என்.எம்.எம்.எஸ். பாஸா? இரண்டு வருசமாகவா? ஏன் சொல்லவே இல்லை?

கோடி வீட்டு அக்கா: யாரும் கேட்கவில்லையே தம்பி.

டீச்சரம்மா: எல்லாரும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எட்டாவது பிள்ளைகள் எழுதுகிற தேர்வு அது. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. வீட்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000, நாலு வருசத்துக்கு 48,000. வருசா வருசம் போர்டலில் புதுப்பிக்க வேண்டும், பத்தாவதில் 60 சதவீதம் வாங்கினால்தான் மேலே தொடரும். இவள் 418, தாராளமாகத் தொடரும். ஷீல்டுக் கணக்கில் பார்த்தால் முதல் மூன்று பேரில் இவள் பெயர் வராது.

மளிகைக்கடை அண்ணன்: இரண்டு வருசமாகத் தினமும் என் கடையில் பால் வாங்குகிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. 

திருப்பூர் தம்பி: அக்கா, பாப்பாவின் ஆதார் வேறு ஏதாவது அக்கவுண்டில் இணைந்திருக்கிறதா? இந்தப் பணமெல்லாம் அக்கவுண்ட் நம்பரைப் பார்த்து வருவதில்லை. ஆதார் கடைசியாக எந்த பேங்கில் இணைந்திருக்கிறதோ அங்கே போய்விடும். எங்கள் கம்பெனியில் ஒருத்தருக்கு கேஸ் மானியம் இப்படித்தான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

கோடி வீட்டு அக்கா: வேறு அக்கவுண்டே இல்லையே.

திருப்பூர் தம்பி: நான் நேரில் வருகிறேன். ஆதார் தளத்தில் பார்த்துவிடலாம், ஓடிபி வருகிற போனை மட்டும் சார்ஜ் போட்டு வையுங்கள்.

திருப்பூர் தம்பி (10.35): தெரிந்துவிட்டது. தபால் பேங்க் என்று காட்டுகிறது!

கோடி வீட்டு அக்கா: அய்யோ, ஆமாம். போன வருசம் தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைக்கச் சொல்லி ஒரு அட்டை கொடுத்தார். கட்டம் கட்டமாக இருக்குமே, கடையில் ஸ்கேன் பண்ணுகிற மாதிரி. பாஸ்புக் தராததால் அது அக்கவுண்ட் என்றே எனக்குத் தோன்றவில்லை. பீரோவில் கல்யாணச் சேலை மடிப்பில் வைத்த ஞாபகம்.

பெரியப்பா: வெசனப்படாதே அம்மிணி. நாளைக்குத் தபால்காரர் வந்தால் நான் பிடித்து வைக்கிறேன். அப்புறம், ரைஸ்மில் சந்துக்குப் போய் வந்தேன். பையன் சாப்பிட்டான். ஞாயிறு மேடைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மளிகைக்கடை அண்ணன்: சரி, நான் ஒன்று சொல்கிறேன், தப்பென்றால் திட்டுங்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம். ஷீல்டும் வேண்டாம். எழுதிய 12 பேரையும் அகர வரிசைப்படி கூப்பிடுவோம், மார்க் படிக்க வேண்டாம். எட்டாவதில் இந்த வருசம் என்.எம்.எம்.எஸ். தேறிய தெற்கு மூலைப் பையனையும் சேர்த்து 13. அட்டையில் பிள்ளை பெயர், கீழே இன்னார் மகள், இன்னார் மகன் என்று அப்பா பெயர்.

கோடி வீட்டு அக்கா: அம்மா பெயர்?

மளிகைக்கடை அண்ணன்: அம்மா பெயர் முதலில். சரிதானுங்களா?

தறிப்பட்டறை மாமா: நான்தான், அப்பா. இப்போதுதான் எல்லாம் படித்தேன். என்னைக் கேட்காமல் என் போனில் பேசியிருக்கிறாள்.

தறிப்பட்டறை மாமா: போச்சாதுங்க, பரவாயில்லை. ஃபிளெக்ஸ் காசை என்ன பண்ணுவது?

டீச்சரம்மா: ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பவானி ஜமக்காளம் ஆளுக்கு ஒன்று வாங்கலாமே. ஷீல்டு ஷோகேஸில் தூசி படியும், இது பிள்ளையோடு கூடப் போகும்.

தறிப்பட்டறை மாமா: இது நல்ல ரோசனை. ஆனால் கடையில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சோலாப்பூர் மெஷின் சரக்கை பவானி என்று தலையில் கட்டுவார்கள். பவர்லூம் ஓட்டுகிற நானே சொல்கிறேன், இதில் மட்டும் கைத்தறிதான். குழித்தறியில் உட்கார்ந்து நெய்ததைத் தொட்டாலே தெரியும், கனமாக, கொஞ்சம் முரடாக இருக்கும். பத்து வருசம் துவைத்தாலும் மூலை சுருளாது. நானே பவானிக்குப் போய் சொசைட்டியில் எடுத்து வருகிறேன்.

திருப்பூர் தம்பி: 13-உம் ஒரே அளவாக எடுங்கள் மாமா. 562-க்கு மட்டும் கல்யாண ஜமக்காளம் எடுத்துவிடாதீர்கள்.

தறிப்பட்டறை மாமா: கலர் மட்டும் அவளுக்குப் பச்சை.

பெரியப்பா: கச்சாயம் என் வீட்டுப் பொறுப்பு. உங்கள் பெரியம்மா ஒத்துக்கொண்டாள். வெல்லம் நல்லதாகப் பார்த்துக் கொடு, கடைக்காரா.

மே 19, திங்கட்கிழமை

கோடி வீட்டு அக்கா (மதியம் 1.20): தபால்காரர் வந்தார். பெரியப்பா திண்ணையிலேயே பிடித்து உட்கார வைத்துவிட்டார். பாப்பா விரல் வைத்தாள், மிஷின் இரண்டு தடவை எடுக்கவில்லை. கையைத் துடைத்து மூன்றாவது தடவை வைத்தாள். 12,000 இருக்கிறது! முழுசாக!

டீச்சரம்மா: அப்பாடா. போர்டல் திறந்ததும் பதினொன்றாவதுக்குப் புதுப்பிக்க மறக்காதே. அந்த அட்டையைச் சேலை மடிப்பில் வைக்காதே.

கோடி வீட்டு அக்கா: சரிங்க டீச்சர். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

டீச்சரம்மா: அங்கேயும் வேண்டாம்!

மளிகைக்கடை அண்ணன்: ரைஸ்மில் சந்து அப்பா இப்போது கடைக்கு வந்து 500 கொடுத்தார். பையன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

திருப்பூர் தம்பி: மாமா, அந்த ரிப்பன் போட்டோ என்ன ஆயிற்று?

தறிப்பட்டறை மாமா: என் டிபியைப் பார்.